கழுவிவிட்ட தெரு

எங்கள் தெருவின் முதுகுப்புறம் ஒரு ஷெட் இருக்கிறது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி, பாளமாக வார்த்து அனுப்புகிற இடம். உலை எரிகிற நாளில் வானம் ஒன்றும் கறுத்துவிடாது. கறுத்தாலாவது யாராவது வந்து எட்டிப் பார்த்திருப்பார்கள். மாவு சலித்த மாதிரி ஒரு சாம்பல் தூசி, சத்தமில்லாமல் வந்து இறங்கும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலால் கோடு போடலாம். மேலே பட்டால் அரிக்காது, நாறாது. அதனால் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நானும்தான்.

என் பேத்திக்கு இரண்டு வயது நடக்கிறது. மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், காரம் மட்டும் வீடு முழுக்க. அந்தக் காரம் கொஞ்ச நாளாகக் காணாமல் போயிருந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பேச ஆரம்பித்திருந்த நாலைந்து வார்த்தையையும் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் டானிக் எழுதினார். அப்புறம் பார்த்த டாக்டரம்மா எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் இருந்தது.

"மருந்து தர்றேன். ஆனா ஈயம் எங்கிருந்து வருதோ அதை நிறுத்தணும். அது நிக்காம மருந்து மட்டும் குடுத்தா, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரிதான்" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அங்கே இருந்த நர்ஸ் என் மகளிடம், "வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கோங்கம்மா. தரையில கிடக்கிறதை எல்லாம் வாயில போட விடாதீங்க" என்றாள். வருகிற எல்லாருக்கும் சொல்வதுதான். என் மகள் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் மிளகின் விரல்களைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லி, எங்கள் தெருவில் தூசியைப் பரிசோதனை செய்ய ஏற்பாடு பண்ணினார். குழந்தைகள் இருக்கிற வீடுகளின் தரையிலும் ஜன்னலிலும் ஈயம் அளவுக்கு மேல் இருந்தால் ஷெட்டை மூடியாக வேண்டும். சட்டம் அப்படி இருக்கிறதாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். பள்ளிக்கூடம் போனது கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். ஆனால் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு வருகிறவர்களை எத்தனையோ சோதனைச் சாவடிகளில் பார்த்திருக்கிறேன். இதற்கு முன்னால் ஒருத்தர் எங்கள் சாக்கடையைப் பார்க்க வந்தார். ஷெட்டு மேனேஜரின் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார். சாக்கடையை டீ டம்ளருக்கு மேலாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. நாளைக்கு அதிகாரிகள் வீடு வீடாக வந்து தூசி எடுப்பார்கள், ஒத்துழைப்புத் தரவும் என்று சொல்லிவிட்டுப் போனது.

அவ்வளவுதான், தெருவே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது. பாய், தலையணை, திரைச்சீலை எல்லாம் வெளியே வந்தன. பீரோவை நகர்த்தினார்கள். வருஷக்கணக்கில் வெளிச்சம் பார்க்காத மூலைகளில் எல்லாம் தண்ணீரை அடித்தார்கள். சோப்புத் தூள் வாசனை மூக்கைத் துளைத்தது. அன்றைக்கு எங்கள் சாக்கடை சாம்பல் நிறத்தில் ஓடியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ நல்ல காரியம் நடக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது.

பக்கத்து வீட்டு டெய்லரம்மா, மாப்பை உதறிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, மேஸ்திரி மாதிரி நிக்கிறீங்க? உங்க ரூமை முதல்ல பாருங்க. நாளைக்கு வர்ற ஆபீசரு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடப் போறாரு."

"ஓடட்டுமே. நானா வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டேன்?"

"உங்க வீட்டம்மா இருந்திருந்தா இந்நேரம் உங்களையும் சேத்துத் துவைச்சுக் காயப் போட்டிருப்பாங்க."

"அதுக்குப் பயந்துதான் இருபது வருஷம் லாரியிலயே கிடந்தேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

என் மகள் ஸ்டூலில் ஏறி ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தரையைத் துடைத்தாள். காய்ந்ததும் திரும்பவும் துடைத்தாள். "போதும்மா, தரை தேஞ்சிடும்" என்றேன்.

"தேயட்டும்ப்பா. குழந்தையை அழுக்குல போட்டு வளத்திருக்கான்னு ஒருத்தி சொல்லிட்டாப் போதும், எனக்கு" என்றாள்.

என்னுடைய அறை வாசலை ஒட்டித் தனியாக இருக்கிறது. அதற்குள் யாரையும் விடுவதில்லை. ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் கிடையாது. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வந்தது ஒரு பெண். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். கூடப் பெட்டி தூக்க ஒரு ஆள். கையுறை போட்டுக்கொண்டாள். ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் ஈரக் காகிதத்தால் அழுத்தித் துடைத்து, காகிதத்தை மடித்துக் குழாயில் போட்டு மூடினாள். ஜன்னல் கட்டையிலும் அப்படியே. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டாள்.

"வழக்கமா எப்பப்போ துடைப்பீங்க?"

"தினமும்தாங்க."

"எப்பவும் இவ்வளவு சுத்தமாத்தான் இருக்குமா?"

"எங்க வீட்டுத் தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம் மேடம்" என்றார் டெய்லரம்மா. அவருடைய மகனுக்கும் ஒரு கைக்குழந்தை உண்டு. அதனால் அந்த வீடும் கணக்கில் இருந்தது.

என் மகளிடம் கேட்டபோது, அவள் மிளகை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "ரெண்டு வேளை துடைப்பேன். ஒரு நாளும் விட்டதில்ல" என்றாள். குரல் ஏதோ கோர்ட்டில் சொல்வது போல இருந்தது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, இந்த ரூம்?"

"பூட்டியிருக்கு."

"திறக்க முடியுமா?"

"முடியாது."

"சாவி இல்லையா?"

"சாவி என்கிட்டதான் இருக்கு. அதனாலதான் முடியாது."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

முடிவு வந்தபோது அதை எங்களுக்குச் சொன்னதே ஷெட்டு மேனேஜர்தான். தெருமுனையில் பைக்கை நிறுத்தி, வெயில் கண்ணாடியைக் கழற்றி, "எல்லா வீடும் அளவுக்குள்ளதான் இருக்காம். நீங்க வேற எங்கயாவது தேடிப் பாருங்க. பாத்திரம், பொம்மை, பெயிண்ட்டுன்னு ஆயிரம் இருக்கு" என்று சிரித்தார்.

தெரு கொதித்தது. அந்தப் பெண் லஞ்சம் வாங்கிவிட்டாள், விலை போய்விட்டாள் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். எல்லாரையும்விட என் சத்தம்தான் பெரிது. எதிர் வீட்டுக்காரன் கட்டை மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குள்ளமாக, குறுக்கே அகலமாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் ஷெட்டில் பேட்டரி உடைக்கிறவன்.

மறுநாளே சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் நீளமான ஒரு அறை. மேஜைகள், மேஜைக்கு மேல் காகிதக் கட்டுகள், கட்டுகளுக்கு மேல் பொட்டலங்கள். அந்தப் பெண் ஒரு மூலையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நேராகப் போய் நின்றேன்.

"எவ்வளவும்மா வாங்கினே?"

பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவள் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள். டப்பாவை மூடினாள். "சாவி இருக்கிற ஐயாதானே? உக்காருங்க."

"உக்கார வரல."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. நான் பொய் எழுதல. உங்க தெருவுல எடுத்த எதுலயும் தூசியே சரியா வரல. இல்லாததை நான் எங்க போய் எடுக்கிறது?"

"இல்லையா? ஒரு சாயங்காலம் வந்து பாரும்மா. ஜன்னல்ல விரலால பேரே எழுதலாம்."

"அப்ப நான் வந்த அன்னிக்கு மட்டும் அது எங்க போச்சு?"

சாம்பல் நிறத்தில் ஓடிய சாக்கடை கண்ணுக்கு முன்னால் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அவளே மெதுவாகச் சொன்னாள். "சில வீட்டுல ஈரம்கூடக் காயல. எனக்கும் உறுத்துச்சு. கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி தினமும் தினமும்னாங்க. நான் என்னன்னு எழுதறது, பொய் சொல்றாங்கன்னா? வீட்டைக் கழுவாதீங்கன்னு அந்த வண்டியில சொல்லச் சொல்லியிருக்கணும். எங்களுக்கும் தோணல."

"திரும்ப எடு."

"எடுக்கலாம். ஆனா வீட்டுக்காரங்க முதல்ல சொன்னது சரியில்ல, வர்றோம்னதும் கழுவிட்டோம்னு அவங்க வாயால சொல்லணும். அதோட ஒரு மாசமாவது தரையையும் ஜன்னலையும் தொடாம விடணும்."

"என் ரூம் இருக்கு. அதைத் தொட்டே பல மாசம் ஆச்சு. அங்க எடு."

"குழந்தை அங்க வருமா?"

"உள்ள விட மாட்டேன்."

"அப்ப அது கணக்குல வராதுங்கய்யா. குழந்தை புழங்கிற இடமா இருக்கணும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். இவ்வளவு நாள் எவனோ நம்மை ஏமாற்றினான் என்று திட்டிக்கொண்டிருந்ததில் ஒரு தெம்பு இருந்தது. அதுவும் போய்விட்டது.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிளகு அவள் காலடியில் வாளி மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். மூடியைப் பிடுங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்து, "எதுக்கும்மா அப்படித் தேச்சுத் தேச்சுக் கழுவினே?" என்றேன்.

அவள் மடித்த துணியை அப்படியே கீழே போட்டாள்.

"உங்களுக்கென்னப்பா? உங்களை யாரு கேக்கப் போறா? குழந்தைக்கு ஒண்ணுன்னா அப்பனைப் பாக்க மாட்டாங்க, தாத்தனைப் பாக்க மாட்டாங்க. அம்மாக்காரி என்ன லட்சணத்துல வீடு வெச்சிருக்கான்னுதான் பாப்பாங்க. அந்த நர்ஸ் சொன்னப்போ நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? எங்க பொண்ணு ரெண்டு வேளை துடைக்கிறாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இப்ப வந்து துடைக்காதேங்கிறீங்க. இவ உருண்டு புரள்ற தரையில விஷத்தை விட்டு வைக்கணுமா நான்?"

"இவ இங்க இருக்க வேணாம். தூக்கிக்கிட்டு உன் நாத்தனார் வீட்டுக்குப் போ. வீடு இங்க தூசியில கிடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"அவங்களுக்கே கால் நீட்ட இடம் இல்ல. போய் என்னன்னு சொல்றது? எங்க வீடு குப்பை, அதனால வந்தேன்னா?"

"குப்பை நம்மது இல்லைன்னு காட்டத்தான் போறே."

"அப்படிச் சொன்னா அவங்க நம்பிடுவாங்களா?"

நானே யாரையும் நம்பாதவன்.

சாயங்காலம் மருமகன் வந்தான். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வேன் ஓட்டுகிறவன், வாயில்லாத பிள்ளை. கேட்டுவிட்டு, "மாமா சொல்றபடி செய்வோம். அக்காகிட்ட நான் பேசறேன்" என்றான். இரண்டு நாளில் பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மிளகு வேன் ஜன்னலில் கன்னத்தை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையாட்டவில்லை. முன்பெல்லாம் கையாட்டுவாள்.

டெய்லரம்மாவைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடாகிவிட்டது.

"அண்ணே, நான் துணி தைக்கிறவ. வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்தவன் சாம்பல் சட்டையாவா வாங்கிட்டுப் போவான்?"

"மிஷின் இருக்கிற முன் ரூமை நீ துடைச்சுக்க. குழந்தை படுக்கிற உள் ரூமை மட்டும் விடு."

"அந்தப் பொண்ணுகிட்ட தரையில சாப்பிடலாம்னு வேற சொல்லித் தொலைச்சேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?"

"இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான்."

"உங்க மூஞ்சியைவிட என்னோடது தேவலாம்" என்றார். ஆனால் மறுவாரம் மருமகளையும் குழந்தையையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார். தெருக்கோடியில் இருந்த இன்னொரு வீட்டுக்காரர்களும் இவரைப் பார்த்து அதேபோலச் செய்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல அலுப்பான நாட்களை நான் பார்த்ததில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. தூசி இறங்கும், நான் உட்கார்ந்து பார்ப்பேன். நடக்கிற இடத்தில் ஒரு ஓரமாகவே நடந்தேன். வாயிலும் மூக்கிலும் துண்டைக் கட்டிக்கொண்டு என் அறையில் தூங்கினேன். டெய்லரம்மாவைத்தான் அடிக்கடி போய்க் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் எட்டிப் பார்த்தால் உள் அறையில் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா இது!"

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, கை தானாப் போகுதுண்ணே. தெரிஞ்சா செஞ்சேன்?" நல்லவேளை, வாசல் ஓரத்தில்தான் ஆரம்பித்திருந்தார். அன்றைக்கே அவருடைய துடைப்பம், மாப்பு, பழந்துணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுபோய் என் அறையில் வைத்துப் பூட்டினேன். முன் அறைக்கு வேண்டுமென்றால் வந்து கேட்டு வாங்கிப்போவார், திருப்பிக் கொடுப்பார். "லாரி ஓட்டின மனுஷன் கடைசியில விளக்குமாத்துக்கு வாட்ச்மேன் ஆயிட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மத்தியானம் கட்டை வந்தான். வாசல்படியில் உட்கார்ந்தான்.

"பெரியவரே, ஷெட்டை மூடிட்டா எங்க அடுப்பு எப்படி எரியும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி? நீங்கதானே முன்ன நிக்கிறீங்க?"

"எனக்குத் தெரியாதுடா. உனக்கு ஒரு வழி சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் இங்க தூசியை அடைகாத்துக்கிட்டுக் கிடக்கிறேன்?"

டீ கொடுத்தேன். டம்ளர் அவன் கையில் நடுங்கிச் சட்டையில் சிந்தியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். வயது நாற்பதுகூட ஆகவில்லை. இருவரும் அதைப் பார்த்தோம். போகும்போது, "நாளைக்கு ஆளுங்க வருவாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று தணிந்த குரலில் சொன்னான்.

வந்தார்கள். மேனேஜர் முன்னால், பின்னால் நாலைந்து பேர். கையில் புதுத் துடைப்பம், புது வாளி, சோப்புத் தண்ணீர். இத்தனை வருஷமாக எங்கள் தூசியைப் பார்க்காத மனிதருக்கு அன்றைக்கு எங்கள்மேல் கருணை பொங்கிவிட்டது.

"பெரியவரே, அக்கம்பக்கத்துக்கு எங்களால ஆன சேவை. எல்லா வீட்டையும் இலவசமா சுத்தம் பண்ணித் தர்றோம். நகருங்க."

நான் நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். "என் வீட்டுக் குப்பை. நீ ஏன் கவலைப்படறே?"

"சுகாதாரத்துக்குத்தான் சொல்றேன்."

"இது உன் ஷெட்டுல இருந்து வந்ததுன்னா சொல்லு, கூட்டி மூட்டை கட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போ. இல்லை, எங்களோடதுன்னா எங்களோடவே கிடக்கட்டும்."

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். மேனேஜர் டெய்லரம்மா வீட்டுப் பக்கம் காலை வைத்தார். டெய்லரம்மா கையில் பெரிய கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். துணி வெட்டிக்கொண்டிருந்தவர், கீழே வைக்க மறந்து அப்படியே எழுந்து வந்துவிட்டார். மேனேஜருக்கு அது எப்படித் தெரியும்? வாளிகள் வந்த வழியே போயின.

சொன்ன நாளில் அந்தப் பெண் வந்தாள். மகள் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே வந்திருந்தாள். உள்ளே வந்து தரையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீடு. தரை தெரியவில்லை, சாம்பல்தான் தெரிந்தது. மிளகு விளையாடுகிற மூலையில் அவள் விட்டுப்போன ஒரு பொம்மையின் தலையிலும் சாம்பல். மகள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு அதைத் துடைக்கக் குனிந்தாள், பிறகு நிமிர்ந்துகொண்டாள்.

மேனேஜரும் வந்து நின்றார். அவருக்கும் பார்க்க உரிமை உண்டாம். தெருவில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

"பாருங்க மேடம்" என்றார் மேனேஜர். "இப்படியா ஒரு வீட்டை வெச்சிருப்பாங்க? பொம்பளை இருக்கிற வீடா இது? குழந்தைக்கு நோவு வராம என்ன செய்யும்?"

என் வாய் வரைக்கும் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள், பேசாதீங்க என்று. அந்த அலுவலகப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், போன தடவை நீங்க கேட்டப்போ நான் முழுசாச் சொல்லல. நீங்க வர்றீங்கன்னு முந்தின நாள் பூரா கழுவினேன். எங்க வீடு அழுக்குன்னு நீங்க நினைச்சிடக் கூடாதுன்னு. தினமும் துடைக்கிறது நிஜம். துடைச்சா சாயங்காலம் திரும்ப வந்துடும், அதுவும் நிஜம். அதைச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு." தரையைக் கையால் காட்டினாள். "இந்த மாசம் துடைக்கல. வேணும்னேதான் துடைக்கல. நான் துடைக்காம விட்டா மண்ணு சேரும், முடி சேரும். ஈயத்தை நான் எங்கிருந்து கொண்டு வருவேன்?"

வாசலில் இருந்து டெய்லரம்மா, "நானும் கழுவினேன் மேடம். சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம்னது எல்லாம் சும்மா" என்றார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. கோடி வீட்டுக்காரியும் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்துத் துடைத்தாள். துடைத்த காகிதம் ஈயப் பாளத்தின் நிறத்தில் வந்தது.

முடிவு வர நாளாயிற்று. அளவைவிடப் பல மடங்கு என்றார்கள். ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். தெரு கைதட்டியது. கட்டை தட்டவில்லை. ஒரு வாரம் வாசலில் உட்கார்ந்திருந்தான், பிறகு குடும்பத்தோடு வேறு எங்கோ போனான். வேறு ஊரிலும் இதே மாதிரி ஒரு ஷெட்டுக்குத்தான் போயிருப்பான். அவனுக்குத் தெரிந்த வேலை அதுதான்.

நாத்தனார் வீட்டில் மிளகுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் இறங்கியிருந்தது. சாப்பிடுகிறாள், நாத்தனாரின் பையனைக் கடித்து வைக்கிறாள் என்று மகள் சொன்னாள். அதைக் கேட்டு நான் சிரித்தேன். என் வீட்டையும் கழுவினேன். இடுப்பு இரண்டு நாள் நிமிரவில்லை.

ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் உடைத்த பேட்டரிக் கூடுகளும் உலைச் சாம்பலும் ஒரு மேடாகக் கிடக்கின்றன. மேலே போட்ட தார்ப்பாய் கிழிந்து பறக்கிறது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அது எழுந்து வருகிறது. சுகாதார அலுவலகத்தில் கேட்டால் அதை எடுப்பது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். யார் வேலை என்று சொன்னார்களோ அங்கே போனால், சீல் வைத்த இடத்துக்குள் நாங்கள் எப்படிப் போவது என்கிறார்கள். அந்தப் பெண்ணும் எனக்காக இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்தாள். அவள் பேச்சு அந்த நீள அறையைத் தாண்டிப் போகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். பின்னால் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம். நாத்தனார் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஷெட்டைத்தான் மூடிட்டாங்களே. இவங்களுக்கும் எத்தனை நாள் பாரமா இருக்கிறது? வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்கிறாங்க, பாத்திரத்தை வைக்கிற வேகத்துல தெரியுது. ஞாயித்துக்கிழமை வந்துடறோம்."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனேன். காலையில்தான் துடைத்திருந்தேன். விரலை வைத்து இழுத்தேன்.

"வராதேம்மா" என்றேன்.

"ஏன்?"

"மேடு அங்கேயே கிடக்கு. காத்தடிச்சா வருது."

"அப்ப எப்பத்தான்ப்பா வர்றது?"

"நாளைக்கு ஆபீசுக்குப் போறேன்."

"போன வாரமும் போனீங்க."

"இந்த வாரமும் போறேன்."

"வீட்டுல தனியாக் கிடந்து என்ன சாப்பிடறீங்க நீங்க?"

"ஏதோ சாப்பிடறேன். அவளை வெளிய எங்கயும் மண்ணுல விடாதே" என்று சொல்லிவிட்டு, அவள் அழுவதற்கு முன்னால் போனை வைத்தேன். ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். சாத்தினாலும் இடுக்கு வழியாக வரத்தான் செய்யும். துணியை நனைக்க வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.